ஒற்றுப்பிழை

“கல்யாணம்கிற வார்த்தை உங்க வாயில வரவே கூடாது மாமா. வந்துச்சோ, வாடகை நாலு மடங்கு!” படியேறும்போதே மைத்துனன் காதைக் கடித்தான்.

ஒற்று சார் அரைமனதாகத் தலையாட்டினார். அச்சகத்தில் முப்பது வருடமாகப் பிழை திருத்துகிறவர். ‘க்’ போடு, ‘ப்’ போடு என்று எல்லார் பிராணனையும் வாங்கியதில், சொந்தப் பெயர் போய் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மகள் கல்யாணத்துக்கு இன்னும் ஆறு வாரம்தான். பார்த்த பத்து மண்டபமும் யானை விலை, குதிரை விலை. ஓய்வு பெற்றோர் சங்கத்தின் இந்த மாடி ஹால் பதினொன்றாவது. இதுவும் கிடைக்காவிட்டால், மாப்பிள்ளை வெளிநாட்டு வேலைக்குப் போய்த் திரும்பும்வரை இரண்டு வருடம் காத்திருக்க வேண்டியதுதான்.

சங்கப் பொறுப்பாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சிரித்தால் அபராதம் போடுவார்களோ என்பது போல ஒரு முகம்.

“என்ன நிகழ்ச்சி?”

“பொதுக்குழு சார்” என்று மைத்துனன் முந்திக்கொண்டான்.

“எந்தச் சங்கம்?”

“ரெண்டு சங்கம் சார். ஒண்ணா இணையுது.”

“எத்தனை உறுப்பினர்?”

“நூத்தம்பது. குழந்தை குட்டிங்க தனி.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“பொதுக்குழுவுக்குக் குழந்தைங்களா?”

“வருங்கால உறுப்பினர்கள் சார்.”

“பூ அலங்காரம் உண்டா?”

“மேடைக்கு மட்டும்... கொஞ்சமா.”

“இணையற சங்கம் ரெண்டும் நாளைக்கே சண்டை போட்டுப் பிரிஞ்சிடாதே?”

“ஐயையோ, ஆயுசுக்கும் பிரியாது சார்!” என்று பதறியது ஒற்று சார்தான்.

பொறுப்பாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பதிவேட்டை இழுத்து எழுதி, “கையெழுத்துப் போடுங்க” என்று நீட்டினார்.

‘பொதுக்குழு கூட்டம்.’

நடுவில் ‘க்’ இல்லை. ஒற்று சாரின் கை தானாகச் சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவுக்குப் போயிற்று. மைத்துனன் மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தான்.

நீலப் பேனாவை எடுத்தார். கை ஓடவில்லை. விட்டுப்போன ஒற்றைக்கூடப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளலாம். பெற்ற பெண்ணின் கல்யாணத்தைக் கல்யாணமே இல்லை என்று எழுதி, கீழே அப்பன் கையெழுத்தா?

“சார், இதுல ஒரு பிழை இருக்கு.”

“‘க்’கைச் சொல்றீங்களா?”

“இல்ல சார், வார்த்தையே பிழை. இது கூட்டமில்ல, என் பொண்ணு கல்யாணம்.”

மைத்துனன் தலையில் கைவைத்துக்கொண்டான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பது என்றால் இதுதான்.

“மன்னிச்சிடுங்க. நாலு மடங்கு குடுக்க எனக்கு வசதியில்ல. வர்றோம் சார்.” ஒற்று சார் எழுந்தார். மகளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் மனசு லேசாகத்தான் இருந்தது.

“உட்காருங்க சார்.”

பொறுப்பாளர் பதிவேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டி அவர் பக்கமாகத் திருப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை, பொதுக்குழு கூட்டம். அடுத்த ஞாயிறு, பொதுக்குழு கூட்டம். அதற்கடுத்த ஞாயிறும் அதேதான். எதிலும் ‘க்’ இல்லை. எங்கோ ஓரிரண்டு இடத்தில் மட்டும் ‘பொதுக்குழுக் கூட்டம்’ என்று சுத்தமாக எழுதியிருந்தது. ஒற்று சாருக்குக் குழப்பம்.

“சில இடத்துல போட்டிருக்கீங்க, சில இடத்துல விட்டிருக்கீங்களே சார்?”

“நிஜமான கூட்டத்துக்கு ‘க்’ போடுவேன். கல்யாணத்துக்குப் போட மாட்டேன். எனக்கும் தமிழ் தெரியும் சார்.”

மைத்துனன் வாயைப் பிளந்தான். “உங்க தலைவருக்குத் தெரிஞ்சா?”

“நாலு மடங்குன்னு போர்டு எழுதி மாட்டினதே அவர்தான். அவர் பையனுக்கும் ‘க்’ இல்ல.”

ஒற்று சார் சிரித்துவிட்டார். முப்பது வருடத்தில் ஒரு பிழையைப் பார்த்து அவர் சிரித்தது இதுதான் முதல் தடவை.

பொறுப்பாளர் முதல் பக்கத்துக்குப் போனார். அங்கே கையெழுத்து வேறு யாருடையதோ. முதல் வரியிலேயே ‘க்’ இல்லை. அதன்மேல் விரலை வைத்தார்.

“எனக்கு முன்னால இந்த நாற்காலியில இருந்தவர், என் பொண்ணுக்காக விட்ட ‘க்’ சார் இது. நான் இன்னிக்கு வரைக்கும் திருத்தல. நீங்களும் திருத்தாம கையெழுத்துப் போடுங்க.”