பத்து லிட்டர் வாளி

நமங்கான் நகரில் மவ்ஜூதாவின் வீட்டு வாசலில், கையில் வாளியும் கடிகாரமுமாக ஒருவர் வந்து நின்றார்.

"அக்கா, உங்க குழாயில தண்ணி என்ன வேகத்துல வருதுன்னு அளக்கணும்."

மவ்ஜூதா உள்ளே ஓடிக் கணவர் எர்காஷிடம் கிசுகிசுத்தாள். "என்னங்க, தண்ணி ஆபீஸ்காரன் வந்திருக்கான்! தெருக்குழாய்ல மோட்டார் வச்சு உறிஞ்சறது தெரிஞ்சா அபராதம் போட்டுருவான். நிறுத்துங்க!"

எர்காஷ் நிறுத்தினார். பத்து லிட்டர் வாளி நிறைய எட்டு நிமிடம் ஆனது. வந்தவர் அதை நோட்டில் குறித்துக்கொண்டார்.

"இதை வச்சு எப்படிக்கா சமாளிக்கிறீங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க! துணி துவைக்க, முற்றம் தெளிக்க எல்லாத்துக்கும் வாய்க்கால் தண்ணிதான். சுமந்து சுமந்து இடுப்பே போச்சு. நல்லவேளை, அடுத்த மாசம் மருமக வர்றா. விடியறதுக்கு முன்னாடியே எழுப்பி அனுப்பிருவேன்!"

"ஒரு நாளைக்கு எத்தனை நடை?"

"முப்பது நடையாவது இருக்கும்."

வந்தவர் நோட்டை மூடினார். "நான் ஜுல்ஃபியாவோட தாய்மாமன். அவ வாழப்போற வீட்ல தண்ணி வசதி எப்படின்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க."

மவ்ஜூதா உள்ளே திரும்பி, "என்னங்க! மோட்டாரைப் போடுங்க!" என்று அலறினாள்.

காலி செய்து மறுபடி வைத்த வாளி இருபதே நொடியில் நிரம்பி வழிந்தது.

"பாத்தீங்களா சம்மந்தி! உங்க பொண்ணு வாய்க்கால் பக்கமே போக வேண்டாம்!"

மாமன் வாளியைக் கவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"தண்ணியை அளந்தாச்சு. மாமியாரை எதுல அளக்கறதுன்னுதான் தெரியலை!"