ஷட்டர் மேலேயே இருக்கட்டும்

ஆறாவது போல்ட்டுக்குச் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தாள்.

மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் வந்து சேர இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

செங்கல் தூள் பட்டுப்புடவையில் விழுந்தது. தட்டிவிட்டாள். மறுபடியும் விழுந்தது. விட்டுவிட்டாள்.

"ஏம்புள்ள, இத நாளைக்குச் செஞ்சா ஆகாதா?"

கணவர். புது வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. கையில் ஷட்டரை இழுக்கும் கொக்கிக் கம்பி.

"நாளைக்கு இது இருக்காதுங்களே."

போன மாதம் அவள் செய்த மேசையைத் தூக்கி மொட்டை மாடியில் போட்டவர் அவர்தான். ஒரே மழை. பலகை ஊறி உப்பிவிட்டது.

இந்த முறை பலகை சுவரோடு சேர்ந்தது. எட்டு போல்ட்.

இருபத்து நான்கு வருடமாக வீட்டு முன்னால் இந்த ஷெட் காலியாகத்தான் இருந்தது. வரப்போகும் காருக்காக.

அவளைப் பெண் பார்க்க வந்தபோது, வீட்டில் கார் ஷெட் இருக்கிறது என்றார்கள். பொய் இல்லை. காரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அவர் சும்மா இருந்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. கோயமுத்தூரில் விற்கிற எல்லாக் காரையும் ஓட்டிப் பார்த்துவிட்டார். எதிலும் கால் நீட்ட வசதி போதவில்லை.

ஆயுத பூசைக்கு ஷட்டருக்குச் சந்தனம் வைப்பார். எலுமிச்சம்பழத்தை எந்தச் சக்கரத்தின் அடியில் வைப்பது என்பதில் மட்டும் கொஞ்சம் தயங்குவார்.

ஒரு குடையைக்கூட உள்ளே வைக்க விடமாட்டார். கார் வந்தால் இடைஞ்சல்.

மோட்டார் கம்பெனியில் பத்தொன்பது வருடம் தாமிரக் கம்பியில் காயில் சுற்றியவள் அவள். கம்பெனியை மூடிய பிறகு, பழுதான மோட்டார்களுக்குச் சமையலறை மேடையில் வைத்துச் சுற்றினாள். சாம்பாரில் வார்னிஷ் வாசம் அடித்தது. சாம்பாரைப் பற்றி அவர் குறை சொன்னார். ஷெட்டைப் பற்றி அவளும் ஒரு முடிவுக்கு வந்தாள்.

பன்னிரண்டு அடி நீளம். மூன்றடி அகலம். மேசைக்குக் கீழே நான்கு அலமாரி. தாமிரக் கம்பிக்கு ஒன்று, பேரிங்குக்கு ஒன்று, வார்னிஷ் டப்பாக்களுக்கு ஒன்று. நாலாவது இன்னும் காலி. அதில் என்ன வைப்பது என்பதை அவளே யோசிப்பாள்.

ஏழாவது போல்ட்.

"சரி, ஷட்டரையாச்சும் எறக்கிக்கறேன். நீ பாட்டுக்கு உள்ள வேல பாரு."

"பொண்ணோட அம்மா எங்கன்னு கேப்பாங்களே?"

"கோயிலுக்குப் போயிருக்கறான்னு சொல்லிக்கறேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் உண்மையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

"மேலயே இருக்கட்டுங்க. காத்து வருது."

மகள் தாரணி வந்தாள். நெற்றிச்சுட்டி, கை நிறைய வளையல்.

"நீயாச்சும் சொல்லு கண்ணு. வர்றவங்க என்ன நெனப்பாங்க?"

தாரணி அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு மூன்றாவது அலமாரியைப் பார்த்தாள்.

"இந்தக் கதவு எறங்கியிருக்குதும்மா."

புடவையைச் சுருட்டிக்கொண்டு குந்தினாள். இரண்டு கையாலும் கதவைத் தூக்கிப் பிடித்தாள். அம்மா கீலின் திருகாணியை முறுக்கினாள்.

தெருவில் வண்டிச் சத்தம்.

அவர் ஓடினார். கேட்டின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து வைத்தார். ஒரு கப்பல் நுழையலாம்.

ஆட்டோ வந்து நின்றது.

நான்கு பேர் இறங்கினார்கள். ஐந்தாவதாக ஒரு பழத்தட்டு.

"கார் சர்வீஸுக்கு விட்டிருக்குதுங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. யாரும் கேட்கவில்லை.

தாரணி அப்பாவின் முகம் மலர்ந்தது. வெகு காலம் கழித்துச் சொந்தக்காரரைக் கண்டதுபோல.

"எங்களுதும்..."

ஷெட்டை நோக்கிக் கை நீட்டியபடியே திரும்பினார்.

மாலை வெயில் ஷெட்டின் கடைசி வரை போய் விழுந்திருந்தது. மேசை. அலமாரிகள். மேசை ஓரத்தில், வேலைப்பொருளை இறுக்கிப் பிடிக்க ஒரு பிடிக்கட்டை. மிச்சம் இருந்த இடத்தில் ஒரு கார் நிற்க வேண்டுமென்றால் அது சைக்கிளாக இருந்தாக வேண்டும்.

"உங்களுதும் என்னங்க?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அவள் எட்டாவது துளையைப் போட ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரம் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

சத்தம் நின்றபோது ஆண்கள் தின்பண்டங்களை நோக்கிப் போயிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் ஷெட்டுக்குள் நின்றிருந்தார். ஓர் அலமாரியைத் திறந்தார். அடுக்கியிருந்த கம்பிச் சுருள்களைப் பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"ஆள் வெச்சுச் செஞ்சதுங்களா?"

"நான்தானுங்க."

அவர் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"எங்கூட்டு கிரைண்டர் ஓடறதில்லீங்க. இவுரு பெருசா ஒண்ணு புதுசு வாங்கப் போறாராம்."

"எப்பங்க?"

"அது ஆச்சுங்க, ரெண்டு வருசம்."

இருவரும் சிரிக்கவில்லை.

அவள் கைத்தூளைப் பட்டுப்புடவையில் துடைத்துக்கொண்டாள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள்.

"எத்தன லிட்டருங்க?"