ஆறுதல் கூட்டம்

“பாத்தியளா! பேசிக்கிட்டு இருக்கும்போதே போனைக் கட் பண்ணிட்டா!”

முத்துத்தாய் கொதித்தாள். ஆறுதல் சொல்லப் போன இடத்தில் அவமானப்பட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

சங்கரன்கோவிலில், விசைத்தறிக்கூடத்தை ஒட்டிய சின்ன ஹால் அது. இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஸ்பீக்கர் தகராறில் மேலத்தெருவும் பள்ளிவாசல் தெருவும் அடித்துக்கொண்டன. அப்போது வீடு வீடாக ஏறி இறங்கி, இரண்டு தெருப் பெண்களையும் ஒன்றாக உட்கார வைத்தவள் பிரேமலதா. அவளும் தறி ஓட்டுகிறவள்தான்.

“நம்ம சண்டை தீந்துட்டு. உலகத்துல எத்தனையோ பேர் வீடு வாசல் இல்லாம கெடக்காவ. அவங்ககிட்டயும் ரெண்டு வார்த்தை பேசுவோம்” என்று இதை ஆரம்பித்ததும் அவள்தான்.

இன்றைக்கு சூடான் போருக்குத் தப்பி, அகதி முகாமில் இருக்கிற அமீனாவோடும் மற்ற பெண்களோடும் வீடியோவில் பேச்சு. சவுதியில் பதினெட்டு வருஷம் லாரி ஓட்டிய முகம்மது ஹுசைன், அரபியில் மாற்றிச் சொல்ல வந்திருந்தார்.

பிரேமலதா மூன்று நாளாக மனப்பாடம் செய்த பேச்சு, “தைரியமா இருங்க, நாங்க இருக்கோம்” என்பதோடு நின்றுபோனது. அமீனா சட்டென்று காதைப் பொத்தினாள். பின்னால் இருந்த பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அமீனா என்னவோ கத்தினாள். போன் கட்டாகிவிட்டது.

“என்ன கத்துனா, பாய்?”

“சரியா கேக்கலம்மா.”

“கேக்கவே வேண்டாம். நம்ம பேச்சு பிடிக்காமத்தான காதைப் பொத்துதா!” என்றாள் முத்துத்தாய்.

“அவளுக்கு என்ன கஷ்டமோக்கா” என்றாள் அலிமா பீவி.

“கஷ்டம்னா மரியாதை தெரியாதா? அரை நாள் தறியை விட்டுட்டு வந்தேன். இனி என்னைக் கூப்பிடாதீய.”

முத்துத்தாய் எழுந்தாள். அவள் பின்னால் நாலைந்து பேர் எழுந்தார்கள். எல்லோரும் மேலத்தெரு. பிரேமலதா ஓடிப்போய் வாசலில் நின்றுகொண்டாள். இவர்கள் கோபத்தோடு வாசலைத் தாண்டினால், நாளைக்கு மறுபடியும் இரண்டு தெருவும் தனித்தனிதான்.

“திரும்பக் கூப்பிடுங்க, பாய்!”

“எடுக்க மாட்டேங்கா. பொறு, வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கு.”

ஹுசைன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். முகம் மாறிவிட்டது.

“என்ன, திட்டுதாளா?” முத்துத்தாய் ஒரு காலில் செருப்பை மாட்டியபடி கேட்டாள்.

“இல்லம்மா. ‘உங்க பக்கம் துப்பாக்கிச் சத்தம் விடாம கேக்குது, இங்க பிள்ளைகள்லாம் பயந்து ஓடிட்டு. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?’ங்கா.”

“துப்பாக்கியா? இங்கனயா?”

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் நாற்பது தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். இருபது பேரில் ஒருத்திக்கும் அது உறைக்கவே இல்லை.

முத்துத்தாய் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

“வேற என்ன சொல்லுதா, பாய்?”

ஹுசைன் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

“‘பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு இங்க வந்துருங்க. எங்க கூடாரத்துல எல்லாரும் நெருக்கிப் படுத்துக்கலாம்’ங்கா.”