கடற்பஞ்சுக்குள் ஒரு உயிர்

"இத்தா முடியிற வரைக்கும் வாசல் தாண்டப்படா மகள். ஊர் வாயை மூட ஏலா."

இப்படிச் சொல்லிப்போட்டு, மாமி முனவ்வறா அபாயாவை மாட்டிக்கொண்டு ஓட்டோவில் ஏறிவிட்டா. ஒவ்வொரு நாளும் இதே கூத்துத்தான். எங்கே என்று கேட்டால், "ஒரு அலுவல்."

பரீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற மகன், பரீனாவின் புருசன் மிஹ்லார் கடலில் மௌத்தாகி, கபுறு மண் இன்னும் காயவில்லை. புருசனை இழந்தவளுக்கு நாலு மாசமும் பத்து நாளும் வீட்டோடு இத்தா; இந்த மனுசிக்கு ஊர்சுற்றக் கேட்குதாக்கும்!

அவளுக்கு வேண்டியது ஆய்வுகூடத்தில் கிடக்கும் ஒரேயொரு கண்ணாடித் தட்டு. மிஹ்லார் கடைசியாக வலையில் அகப்பட்ட கடற்பஞ்சைக் கொண்டுவந்து, "இந்தா புள்ள, ஆராய்ச்சி பண்ணு" என்று சிரித்தபடி தந்தான். அதற்குள் வாழ்ந்த பூஞ்சணத்தை அவள் கெம்பஸ் ஆய்வுகூடத்தில் அந்தத் தட்டில் வளர்த்தாள். அது கசியவிட்ட மஞ்சள் நீர் பட்ட இடத்தில் நோய்க்கிருமி முளைக்கவில்லை. நாளைக்கு மருந்தாகலாம். அது கிடக்கட்டும். அவன் கையால் வந்ததில் இன்னும் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான்.

புதுத் தட்டுக்கு மாற்றாவிட்டால் அதுவும் செத்துப்போகும். கெம்பஸிலோ ஊழியர் ஸ்ட்ரைக். கேட்டுக்குப் பூட்டு.

கூட வேலைசெய்யும் சுஜித்தாவுக்குக் கோல் எடுத்தாள்.

"உள்ளுக்கு விடுறாங்க இல்ல பரீனா. நான் என்ன செய்ய?"

மாமியிடமும் முதலிலேயே கெஞ்சிப் பார்த்திருந்தாள். "ஒருக்காப் போய் வாறன் மாமி. அவர்ர பூஞ்சணம் செத்திரும்."

"பஞ்சாம், பூஞ்சணமாம். பேசாம ஓதிட்டு இரி." மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டா.

பரீனா அவனுக்காக அழுதாள். அதுக்காகவும் அழுதாள்.

இத்தா முடிந்த மறுநாளே ஓடினாள். அதற்குள் ஸ்ட்ரைக்கும் முடிந்திருந்தது. செத்ததைப் பார்க்கத்தானே போகிறோம் என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு, ஆய்வுகூடத்தில் தட்டு வைத்த பெட்டியைத் திறந்தாள்.

புதுத் தட்டில் பூஞ்சணம் மஞ்சளாகக் கசிந்துகொண்டிருந்தது.

"கேட் பூட்டெண்டு சொன்னாயே சுஜித்தா?"

"பூட்டுத்தான். ஒரு மனுசி நாள் தவறாம வந்து கேட்டடியில குந்திட்டா. ஸ்ட்ரைக் பண்ணின ஆக்களே மனமிரங்கி என்னை உள்ளுக்கு விட்டாங்க. அது தப்பாட்டி நீ இன்னொருதரம் அழுவியாம், உனக்குச் சொல்லப்படாதெண்டு என்ட கையைப் பிடிச்சிக் கேட்டவ."

"ஆரு?"

"உன்ட மாமிதான். பிறகும் வாறத விடல்ல. 'என்ட மகன் கொண்டந்தது உசிரோட இரிக்கா புள்ள?' எண்டு கேட்டுப்போட்டு, அந்தத் தட்டுக்குப் பக்கத்தில கொஞ்ச நேரம் இருந்திட்டுத்தான் போவா."