உப்புத்தாள் தேய்த்த இடம்

மீன்பிடித் தடைக்காலம். கரையேற்றிய விசைப்படகின் நிழலில் நாலைந்து பேர் ஒரே கைபேசியில் ஓட்டப்பந்தயம் பார்க்கிறார்கள். படகுக்காரர் சிலுவை மட்டும் எழுந்து நிற்கிறார். அவர்கள் தெருப் பெண் விஜிலா கம்பெனி ஒன்றின் அணிக்காகப் பத்தாயிரம் மீட்டர் ஓடுகிறாள். வருடாவருடம் படகுக்குப் பெயின்ட் அடிக்கும்போது அவளுடைய சிறந்த நேரத்தை முகப்பில் எழுதுவது சிலுவையின் வழக்கம். இன்று அதைக் குறைத்துவிடுவாள் என்று நம்பி, போன வருட எண்ணைக் காலையிலேயே உப்புத்தாளால் தேய்த்துவிட்டார்.

"முடிச்சிட்டா. முப்பத்தஞ்சு பன்னெண்டு," என்கிறான் கைபேசியைப் பிடித்திருக்கும் ஜாய்சன். போன வருடத்தைவிட ஒரு நிமிடம் கூடுதல். "இந்த வருசம் இது மூணாவது ஓட்டம், மூணும் இப்பிடித்தான். கம்பெனிக்காரன் இன்னும் அவள டீம்ல வச்சிருப்பானா?" என்கிறான் இன்னொருவன். "வாய மூடுலே," என்கிறார் சிலுவை.

பெயின்டர் இன்னாசியின் பிரஷ்ஷிலிருந்து வெள்ளைப் பெயின்ட் மணலில் சொட்டுகிறது. "பழசையே எழுதிருவமா அண்ணாச்சி? யாருக்குத் தெரியப்போவுது?"

தேய்த்த இடத்தில் மரம் வெளிறித் தெரிகிறது. சிலுவை அதன்மேல் உள்ளங்கையை வைக்கிறார், தூள் ஒட்டுகிறது.

"அவளுக்குத் தெரியும்லா. இன்னைக்கு ஓடுனதையே எழுதுலே. அடுத்த தடவ அவ ஓடி அழிக்கட்டும்."

கையை எடுத்து, இன்னாசிக்கு வழிவிடுகிறார்.