முனகல்

"மலை மாதிரி ஆளு! பொண்டாட்டி சிலிண்டர் தூக்கறா, இவரு பின்னாடி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு 'அம்மா, அப்பா'ன்னு வர்றாரு!"

இரண்டாவது மாடி டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லிஃப்ட் கெட்டு ஒரு மாதம். நாலாவது மாடிக்குத் தண்ணீர் கேன், சிலிண்டர் எல்லாம் அந்தப் பெண்தான் சுமந்தாள். பளுதூக்குவதில் சாம்பியன்தான், யார் இல்லையென்றது? ஆனால் போன வருடம் போட்டியில் தோள்பட்டைத் தசை கிழிந்து விழுந்தவள் ஆயிற்றே! இப்போதும் ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்துவிட்டுக் கை நடுங்க நிற்கிறாள்.

புருஷனுக்கு டிவி மல்யுத்தத்தில் வில்லன் வேலை. யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசிவைத்த சண்டையில், வாரம் நாலு நாள் அடிவாங்கித் துடிப்பார்.

ஒருநாள் அவர் படியில் தனியாக மாட்டினார்.

"ஏம்ப்பா, உனக்கே இது நல்லா இருக்கா?"

அவர் மேலும் கீழும் பார்த்தார். "இடுப்புல ஒண்ணுமில்ல டீச்சர். நடிக்கிறேன்."

"அடப்பாவி!"

"தோள் ஆறிடுச்சுன்னு டாக்டர் சொல்லி நாலு மாசமாச்சு. பயம்தான் ஆறல. பயிற்சிக்குப் போறா, எடையைப் பார்த்துட்டு அப்படியே திரும்பி வந்துடறா. அடுத்த மாசம் தகுதிப் போட்டி. இதை விட்டா அவ்வளவுதான். கெஞ்சினேன், திட்டினேன், அசையல. இடுப்பு போச்சுன்னு கீழ விழுந்தேன் பாருங்க, அன்னைக்குத்தான் ஒரு கேனைத் தூக்கினா."

முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"அங்கயும் நடிப்பு, வீட்டுலயும் நடிப்பு. அலுத்துப்போச்சு டீச்சர். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

டீச்சருக்கு வெட்கமாகிவிட்டது. அன்றிலிருந்து முனகல் கேட்டால் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொள்வார்.

அடுத்த வாரம் ஒரு காலை. படியில் கனத்த காலடிச் சத்தம். எட்டிப் பார்த்த டீச்சர் வாயைப் பிளந்தார்.

அவள் புருஷனையே முதுகில் சுமந்து ஏறிக்கொண்டிருந்தாள். அவர் காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. கிழிந்த அந்தத் தோளிலேயே தலையைச் சாய்த்திருந்தார்.

"என்னப்பா, கட்டெல்லாம் போட்டு ஒரே அமர்க்களமா இருக்கு? முனகத்தான் மறந்துட்ட போல!" டீச்சர் வாய்தவறிக் கேட்டேவிட்டார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. அவள்தான் சொன்னாள். மூச்சு வாங்கியது, கை நடுங்கவில்லை.

"நேத்து மேடையில நிஜமாவே விழுந்துட்டாரு டீச்சர். கால் முறிஞ்சிடுச்சு. நிஜமா வலிச்சா இவருக்குச் சத்தமே வராது. கல்யாணமான புதுசுலயே எனக்குத் தெரியும்."

"அப்போ... இத்தனை நாள் முனகினது?"

மாடித் திருப்பம் வந்தது. அவள் நிற்கவில்லை. மேலேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"மனுஷன் அவ்வளவு பாடுபட்டு முனகறாரேன்னுதான் டீச்சர், பயந்துக்கிட்டே தூக்கினேன்."