நடுவில் ஒரு பிசிறு

"இந்த ட்ரில்லை மாட்டினது யாரு?"

ஃபோர்மன் போட்ட சத்தத்தில் மெஷின் ஷாப்பே அதிர்ந்தது.

"என்னாச்சு?" என்று வந்தார் மானேஜர்.

"பாருங்க சார். இதுல ஸ்க்ரூவா இருக்கு, பூட்டா இருக்கு? ட்ரில்லோட கூம்பான டேப்பர் அடி, அதைச் சுத்துற ஸ்பிண்டிலோட கூம்புத் துளைக்குள்ள இறுகி உட்கார்ந்தாத்தான் பிடிப்பு. துடைக்காம மாட்டியிருக்காங்க. நடுவுல இரும்புப் பிசிறு மாட்டி வழுக்கிடுச்சு. பாரம் பூரா கடைசியில இருக்கிற இந்தத் தட்டை டேங் மேல விழுந்து, முறிஞ்சே போச்சு. டேங் எதுக்கு? ட்ரில்லைத் தட்டிக் கழட்டத்தானே? சுத்துறதுக்கா?"

"ஸ்பிண்டில்?"

"உள்ள பூரா கீறல். மாட்டினது யாரா இருந்தாலும் இன்னிக்கே வீட்டுக்கு அனுப்புங்க. தயவு தாட்சண்யமே கூடாது!"

ட்ரில்லிங் மெஷின்காரம்மா முன்னால் வந்தாள்.

"நான்தான் சார். அவசரத்துல துடைக்க மறந்துட்டேன்."

"இத்தனை வருஷ சர்வீஸ்! வெக்கமா இல்ல?" பொரிந்து தள்ளினார் ஃபோர்மன்.

மானேஜரின் போன் அடித்தது. "பேசிட்டு வரேன். யோசிச்சுச் சொல்லுங்க" என்று நகர்ந்தார்.

ஃபோர்மனுக்கு மனசு ஒப்பவில்லை. குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி ஸ்பிண்டிலைத் துடைக்கிறவள் ஆயிற்றே!

"உண்மையைச் சொல்லும்மா. யாரைக் காப்பாத்துற?"

"விடுங்கண்ணே."

"எவன்னு சொல்லு. உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் டீ குடிக்கப் போனப்ப உங்க மாப்பிள்ளைதான் மாட்டினாரு. இப்பத்தான் சேர்ந்திருக்காரு, தெரிஞ்சா உடனே அனுப்பிடுவாங்க. உங்க பொண்ணு வேற மாசமா இருக்கா. எனக்குன்னா திட்டோட போயிடும்னு நினைச்சேன்."

ஃபோர்மன் திரும்பிப் பார்த்தார். கோடியில் மாப்பிள்ளை, சுத்தமாக இருந்த தரையையே கூட்டிக்கொண்டிருந்தார்.

மானேஜர் திரும்பி வந்தார். "என்ன ஃபோர்மன், இவங்களை அனுப்பிடலாமா?"

ஃபோர்மன் தொண்டையைச் செருமினார். "வேணாம் சார். மனுஷங்கன்னா மறதி வரத்தான் செய்யும். ஒரு பிசிறுக்காக ஒரு குடும்பத்தையே நடுத்தெருவுல நிறுத்த முடியுமா?"

மானேஜர் நெகிழ்ந்துபோனார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! தப்புப் பண்ணினவங்களையும் மன்னிக்கிற இந்தப் பெரிய மனசு யாருக்கு வரும்?"

ஷாப் முழுக்கக் கைதட்டல்.

எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது, மாப்பிள்ளைதான்.